பிளாஸ்டிக் மாடல் கிட் பாகங்களைத் தழும்பில்லாமல் பிரித்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடல் கிட் பெட்டியைத் திறந்ததும் கையில் வருவது பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டங்கள்தான். ஒரு பாகத்தைச் சட்டத்திலிருந்து எடுக்க அரை நிமிடம் போதும். ஆனால் அந்த அரை நிமிடத்தில் விழுந்த பள்ளத்தைச் சரிசெய்ய ஒரு மாலைப் பொழுது முழுவதும் போய்விடும். இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, ஜப்பானிய நிறுவனமான பண்டாயின் கன்பிளா ரோபோக்கள் (கண்டம், அதாவது Gundam, என்ற அனிமேஷன் தொடரின் ரோபோ கிட்கள்), இன்னொரு ஜப்பானிய நிறுவனமான தமியாவின் பீரங்கி வண்டிகள், சிறிய அளவிலான விமானங்கள், கப்பல்கள் ஆகியவற்றைக் கட்டிய அனுபவத்திலிருந்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஸ்ப்ரூ, ரன்னர், கேட் என்பவை எவை?

உருக்கிய பாலிஸ்டைரீனை எஃகு அச்சுக்குள் மிகுந்த அழுத்தத்தோடு செலுத்தி வார்ப்பதுதான் இந்தக் கிட்களின் தயாரிப்பு முறை. வயலுக்குத் தண்ணீர் பாய்வதை நினைத்துக்கொண்டால் மூன்று சொற்களும் எளிதில் விளங்கிவிடும். அச்சுக்குள் பிளாஸ்டிக் நுழையும் தலைவாய்க்காலில் உறைவது ஸ்ப்ரூ. அதிலிருந்து கிளை வாய்க்கால்களாகப் பிரிந்து பாகங்களைச் சுற்றி ஓடுவது ரன்னர். ரன்னரிலிருந்து பாகத்துக்குள் திறக்கும் குறுகிய மடை கேட். பேச்சு வழக்கில் சட்டம் முழுவதையுமே சிலர் ஸ்ப்ரூ என்றும், கன்பிளா கட்டுபவர்கள் ரன்னர் என்றும் சொல்கிறார்கள். இந்தப் பக்கத்தில் சட்டத்தை ரன்னர் என்றே அழைக்கிறேன்.

கேட்டைக் குறுகலாக அமைப்பதற்குக் காரணம் உண்டு. குறுகலான இடம் முதலில் உறைந்து மடையை அடைத்துக்கொள்வதால், பாகத்துக்குள் சென்ற பிளாஸ்டிக் பின்னோக்கி வழியாமல் வடிவம் கொள்கிறது. பிறகு வெட்டி எடுக்கவும் அது வசதி. நம் வேலை முழுவதும் அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மடையைச் சுற்றியே நடக்கிறது.

கையால் திருகிப் பிய்த்துவிட்டால் என்ன?

செய்யக் கூடாது. திருகும்போது கேட் எந்த இடத்தில் முறிய வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை, பிளாஸ்டிக் தீர்மானிக்கிறது. பெரும்பாலும் அது பாகத்தின் உடம்பிலிருந்து ஒரு சிறு துண்டைக் கிள்ளிக்கொண்டுதான் வெளியே வரும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பண்டாய் 2020 முதல் வெளியிட்டுவரும் எண்ட்ரி கிரேட் வரிசைக் கிட்களில் கேட்டுகள் மிக மெல்லியவை. கருவி எதுவும் இல்லாமல் விரலால் அழுத்தியே பாகங்களை எடுக்கலாம். சிறுவர்களுக்கும் முதன்முறை கட்டுபவர்களுக்கும் அது நல்ல ஏற்பாடு. அங்கேகூட பாகத்தில் ஊசிமுனை அளவு ஒரு பிசிர் எஞ்சுவதால், நிப்பர் (கேட்டை நறுக்கும் சிறிய வெட்டுக் குறடு) வைத்திருப்பவர் அதனால் எடுப்பதே நல்லது.

எந்த நிப்பரை வாங்குவது?

வீட்டில் இருக்கும் கம்பி வெட்டும் கட்டிங் பிளேயரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் வாய் இருபுறமும் சரிந்து ஆப்பு போன்று இருப்பதால், பிளாஸ்டிக்கை நசுக்கிப் பிளக்குமே தவிர அறுக்காது.

அடுத்த நிலையில் இருப்பது, மின்னணுப் பலகையில் பற்றவைத்த கம்பியின் நுனியை நறுக்கப் பயன்படும் சிறிய நிப்பர். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைவீதிகளில் குறைந்த விலைக்கே கிடைக்கும். அதன் வெளிப்பக்கம் ஓரளவு தட்டையாக இருப்பதால் தொடக்கத்துக்குப் போதும். வாங்கும்போது வாயை மூடி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு விளிம்புகளுக்கும் நடுவில் வெளிச்சம் கசிந்தால் அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள்.

அதற்கும் மேலே, மாடல் கட்டுபவர்களுக்கென்றே செய்யப்பட்ட நிப்பர்கள் இருக்கின்றன. தமியாவின் கூர்முனை நிப்பர்கள் பல ஆண்டு உழைக்கக்கூடியவை. வாய் மெலிந்திருப்பதால் பாகங்கள் நெருக்கமாக இருக்கும் இடத்திலும் நுழையும். ஒற்றைப் பிளேடு நிப்பர் என்பது தனி வகை. அதில் ஒரு பக்கம் மட்டுமே கத்தி. மறுபக்கம் கூர்மையில்லாத தாங்கி. இரண்டு கூர்விளிம்புகள் நேருக்கு நேர் மோதி நசுக்குவதற்குப் பதிலாக, ஒரே விளிம்பு, பலகை மேல் வைத்துக் காய் நறுக்குவதைப் போல, கேட்டைச் சீவிக்கொண்டு இறங்குகிறது. உலோக வேலைக்குப் பெயர்போன ஜப்பானின் நீகாட்டா மாகாணத்து ட்சுபாமே நகரைச் சேர்ந்த காட்ஹேண்ட் நிறுவனத்தின் எஸ்பிஎன்-120 இந்த வகையில் மிகவும் அறியப்பட்டது.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன்: முதல் நிப்பராக ஒற்றைப் பிளேடை வாங்க வேண்டாம். அதன் கத்தி மிக மெல்லியது. தடித்த ரன்னரில் வைத்து அழுத்தினாலோ, வெட்டும்போது மணிக்கட்டைச் சற்றுத் திருப்பினாலோ விளிம்பு தெறித்துவிடும். முதல் இரண்டு மூன்று கிட்களைச் சாதாரண நிப்பரில் கட்டிக் கை பழகட்டும். பிறகு வாங்கினாலும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். முரட்டு வெட்டுக்கு ஒன்று, நுண்வெட்டுக்கு ஒன்று என இரண்டு நிப்பர்கள் மேசையில் இருப்பதுதான் சரியான ஏற்பாடு.

நிப்பரின் எந்தப் பக்கம் பாகத்தை நோக்கி இருக்க வேண்டும்?

தட்டையான பக்கம். கத்தி இறங்கும்போது பிளாஸ்டிக் விலகியாக வேண்டும். சரிவான பக்கம்தான் அதை ஒதுக்கித் தள்ளும். சரிவை ரன்னர் பக்கம் வைத்தால் நசுங்கலெல்லாம் குப்பைக்குப் போகும் துண்டிலேயே தங்கிவிடும். திருப்பி வைத்தால் அதே நசுங்கல் பாகத்தின் மேல் விழும்.

இரண்டு வெட்டு முறை என்கிறார்களே, அது என்ன?

மாங்காய் பறிப்பவர்கள் காயை ஒட்டிக் காம்பைக் கிள்ளமாட்டார்கள். காம்பைக் கொஞ்சம் விட்டுப் பறித்து, பிறகுதான் நறுக்குவார்கள்; இல்லாவிட்டால் பால் வழிந்து தோல் கருகிவிடும். கிட் பாகத்தையும் அப்படித்தான் எடுக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

1/144 அளவு (அசல் உருவத்தில் 144இல் ஒரு பங்கு) கன்பிளா ஒன்றின் தோள் கவசத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பாகம் மூன்று கேட்டுகளால் ரன்னரில் தொங்குகிறது. முதல் வெட்டைப் பாகத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி, ரன்னரை ஒட்டிய இடத்தில் கொடுக்க வேண்டும். மூன்று கேட்டுகளையும் இப்படியே வெட்டினால் பாகம் மூன்று குட்டை முளைகளோடு கைக்கு வந்துவிடும். இப்போது அதை ரன்னர் எந்தப் பக்கமும் இழுப்பதில்லை. கையில் திருப்பித் திருப்பி வேண்டிய கோணத்தில் பிடிக்கலாம். அடுத்ததாக, நிப்பரின் தட்டைப் பக்கத்தைப் பாகத்தின் பரப்புக்கு இணையாக வைத்து, அரை மில்லிமீட்டர் அளவு முளை எஞ்சும்படி இரண்டாம் வெட்டு. அந்த அரை மில்லிமீட்டரை நிப்பரால் தொடக் கூடாது. அது கத்திக்கும் உப்புத்தாளுக்கும் உரியது.

ஒரே வெட்டில் ஒட்ட வெட்டினால் ஏன் கெடுகிறது? ரன்னர் இன்னும் பாகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது நிப்பரின் வாய் நடுவில் ஆப்பாக இறங்கினால், விலகுவதற்கு இடமில்லாத பிளாஸ்டிக் பாகத்தைத் தள்ளுகிறது, வளைக்கிறது. வெட்டு முடியும் கணத்தில் "டக்" என்று ஓசை கேட்டால், மிஞ்சியிருந்த இழை வெட்டுப்படாமல் முறிந்துவிட்டது என்று பொருள். பள்ளமும் வெளுப்பும் விழுவது அந்த முறிவில்தான். முளை விட்டு வெட்டும்போதும் இதே முறிவு நடக்கலாம். ஆனால் அது பின்னர் சீவி எறியப்போகும் முளையின் நுனியில் நடக்கிறது, பாகத்துக்குச் சேதம் இல்லை. இரண்டாம் வெட்டின்போது எதிர்ப்புறத்தில் எதுவும் பிடிக்காததால், நறுக்கிய துண்டு தானாக விலகி விழுகிறது.

கேட் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் இரண்டு வெட்டும் போதாது. மூன்று நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வருவதில் தவறே இல்லை.

எஞ்சிய முளையைக் கத்தியால் சீவுவதா, உப்புத்தாளால் தேய்ப்பதா?

பரப்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தட்டையான பரப்பிலும் நேரான விளிம்பிலும் கத்தி விரைவாகவும் சுத்தமாகவும் வேலை செய்யும். புதிய பிளேடைப் பரப்பின் மேல் ஏறக்குறையப் படுக்கவைத்து, ஒரே மூச்சில் தள்ளாமல், வெள்ளரிக்காயில் தோல் சீவுவதைப் போல மெல்லிய ஏடுகளாக எடுக்க வேண்டும். மூன்று நான்கு ஏடுகளில் முளை மறைந்துவிடும். ஒவ்வோர் ஏட்டுக்குப் பிறகும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேட்டை விரல் சொல்லிவிடும். கத்தியின் பாதையில் கட்டைவிரலை ஒருபோதும் வைக்காதீர்கள்.

மழுங்கிய பிளேடு இரண்டு வகையில் கெடுதல்: பிளாஸ்டிக்கைக் கிழித்து வெளுக்கச் செய்கிறது, கூடுதல் அழுத்தம் தேவைப்படுவதால் வழுக்கி விரலில் பாய்கிறது. நுனியை ஒடித்தால் புது விளிம்பு கிடைக்கும் கத்தியை 1956இல் ஒசாகாவில் உருவாக்கிய யோஷியோ ஒகாடாவுக்கு நாமெல்லாம் கடன்பட்டிருக்கிறோம். ஓல்ஃபா நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். பிளேடு மலிவானது என்பதால், ஒரு கிட்டுக்கு இரண்டு மூன்று பிளேடுகள் செலவானாலும் தயங்க வேண்டாம்.

வளைந்த பரப்பில் கத்தி தட்டையான முகத்தை உண்டாக்கிவிடும். அங்கே உப்புத்தாள்தான் நல்லது. 400 அல்லது 600 எண்ணில் தொடங்கி, 800, 1000 என ஏறிச் செல்லுங்கள். முந்தைய தாள் போட்ட கீறல்களை அடுத்த தாள் அழிக்க வேண்டும். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் கீறல் அப்படியே தங்கி, வர்ணம் பூசிய பிறகு வெளியே தெரியும். தாளை வெறும் விரலில் வைத்துத் தேய்த்தால் முளையைச் சுற்றிக் குழி விழும். ஆகவே குச்சி ஐஸின் தட்டைக் குச்சியில் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். வளைவுகளுக்கு மட்டும் மெல்லிய பஞ்சுத் துண்டைத் தாளின் அடியில் கொடுக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது, தாளும் அடைபடாது.

கண்ணாடி அரம் என்ற கருவியும் இருக்கிறது. கண்ணாடிப் பட்டையின் மேற்பரப்பில் நுண்ணிய பற்கள் செதுக்கப்பட்டிருக்கும். முளையை அகற்றிய இடத்தை அது பளபளப்பாகவே விட்டுச்செல்வதால், வர்ணம் பூசாமல் கட்டுபவர்களுக்கு வாங்கத் தகுந்த பொருள். பழைய பல் துலக்கும் பிரஷால் கழுவினால் மறுபடி புதிதாகிவிடும். கீழே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெட்டிய இடம் வெள்ளையாகிவிட்டது. ஏன்? எப்படிப் போக்குவது?

பிளாஸ்டிக் இழுபட்டு வளையும்போது அதனுள் மிக நுண்ணிய வெடிப்புகளும் வெற்றிடங்களும் தோன்றுகின்றன. அவை ஒளியைச் சிதறடிப்பதால் அந்த இடம் வெளுத்துத் தெரிகிறது. கறுப்பு, கருநீலம், சிவப்பு போன்ற அடர்நிறங்களில் இது கண்ணை உறுத்தும். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் தெரிவதே அரிது.

1980 ஜூலையில் வெளிவந்த முதல் கன்பிளா ஒரே வெளிர்நிறப் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டது. பசையிட்டு ஒட்டி, வர்ணமும் பூசினால்தான் அது உருவம் பெறும். இன்றைய கிட்களில் ஒவ்வொரு பாகமும் அதன் நிறத்திலேயே வார்க்கப்பட்டு, பசையில்லாமல் பொருந்துவதால், பலர் வர்ணமே பூசாமல் முடிக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வெளுப்பு பெரிய குறை. வர்ணம் பூசப்போகிறவர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. மேடும் பள்ளமும் இல்லாமல் வடிவம் சரியாக இருந்தால் போதும்.

போக்குவதற்குச் சில வழிகள் உண்டு. இலேசான வெளுப்பை நகத்தின் முதுகால் அழுத்தித் தேய்த்தாலே மங்கிவிடும். கொஞ்சம் ஆழமானதை, வெளுத்த ஏட்டை மட்டும் சீவி எடுத்து, மெருகுத் தாளால் தேய்க்கலாம். மிக நீர்மையான மாடல் பசையைத் தூரிகை நுனியால் ஒருமுறை தொட்டுவைப்பது இன்னொரு வழி: பசை மேற்பரப்பை இலேசாகக் கரைத்து நுண்வெடிப்புகளை மூடுகிறது. அப்படிச் செய்தால் ஒரு நாள் முழுவதும் உலரவிட்ட பிறகே அந்த இடத்தைத் தேய்க்க வேண்டும். கடைசியில் பளபளப்பில்லாத தெளிபூச்சு ஒன்றை மாடல் முழுவதும் அடித்தால், எஞ்சிய தடங்களும் பெரும்பாலும் அடங்கிவிடும். நெருப்புக் காட்டினால் வெளுப்பு மறையும் என்று சிலர் சொல்வார்கள். பாலிஸ்டைரீன் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸில் இளகிவிடும்; லைட்டர் சுடர் அதைவிடப் பல மடங்கு சூடானது. அந்த வழிக்குப் போகாதீர்கள்.

பள்ளமே விழுந்துவிட்டால்?

அதே கிட்டின் ரன்னரைப் பொடிப்பொடியாக நறுக்கி, சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு, நீர்மையான மாடல் பசையை ஊற்றி ஓர் இரவு விட்டால் கூழாகிவிடும். அதைப் பள்ளத்தில் சற்று மேடாக வைத்து, குறைந்தது இரண்டு மூன்று நாள் இறுகவிட்டுத் தேய்த்தால், அதே நிறத்தில், அதே பிளாஸ்டிக்கில் பள்ளம் நிரம்பிவிடும். அவசரப்பட்டுத் தேய்த்தால், உள்ளே இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும் கூழ் மறுநாள் மீண்டும் குழியாகும். வர்ணம் பூசுவதாக இருந்தால், பள்ளம் நிரப்பும் மாடல் புட்டி (putty) என்ற பூச்சுக் களிம்பே எளிது.

ஆண்டெனா, பாய்மரக் கம்பம் போன்ற மெல்லிய பாகங்களை உடையாமல் எடுப்பது எப்படி?

ஜப்பானின் ஷிஸுவோகா பகுதிக் கிட் நிறுவனங்கள் 1971இல் தொடங்கிய 1/700 வாட்டர்லைன் கப்பல் வரிசையை எடுத்துப் பாருங்கள். கம்பங்களும் பளுதூக்கிகளும் தீக்குச்சியில் பாதிகூட இருக்காது. இத்தகைய பாகத்தில் கேட்டைத் தொடுவதற்கு முன்பே ரன்னரை வெட்ட வேண்டும். பாகத்தைச் சுற்றியுள்ள ரன்னர் சட்டம் இழுத்துக் கட்டிய கயிறு போல விறைப்பாக இருக்கிறது. அதை இரண்டு மூன்று இடங்களில் துண்டித்துவிட்டால், கேட்டை வெட்டும்போது விசை பாகத்தின் வழியாகப் பாயாமல், தளர்ந்து கிடக்கும் ரன்னர் துண்டின் பக்கம் போய்விடும். பிறகு கேட்டுகளை ஒரு முனையிலிருந்து வரிசையாக வெட்டாமல், பாகத்தின் மெலிந்த இடத்தைப் பிடித்திருக்கும் கேட்டை முதலில் விடுவித்து, தடித்த இடத்தில் இருப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மெலிந்த பகுதி கடைசி வரை பிடிபட்டிருந்தால், பாகத்தின் எடை முழுவதும் அதில் தொங்கி முறித்துவிடும்.

கண்டம் (Gundam) ரோபோவின் தலையில் இருக்கும் வி வடிவ ஆண்டெனா நல்ல பயிற்சி. பண்டாய் பல கிட்களில் அதன் கூர்முனைகளில், குழந்தைகளுக்குக் குத்திவிடாதிருக்க, சிறு கொடி போன்ற தகடு ஒன்றை விட்டுவைக்கிறது. பெரியவர்கள் கட்டும்போது அதைச் சீவி முனையைக் கூராக்குவார்கள். அதை நிப்பரால் வெட்டினால் முனை வளைந்து வெளுத்துவிடும். ஆண்டெனாவை வெட்டுப்பாயின் மேல் படுக்கவைத்து, ஒரு விரலால் அதன் நடுவை அழுத்திப் பிடித்து, தகட்டைக் கத்தியால் மேலிருந்து கீழாக அழுத்தி நறுக்குங்கள். பிறகு உப்புத்தாளை முனையின் திசையில் மட்டும் இழுங்கள். எதிர்த்திசையில் தள்ளினால் முனை முறியும்.

மிகச் சிறிய பாகங்கள் வெட்டியவுடன் தெறித்து ஓடும். ஒளி ஊடுருவும் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் ரன்னரையும் கைகளையும் விட்டு வெட்டினால், தெறித்தது பைக்குள்ளேயே கிடக்கும்.

கண்ணாடி போன்ற தெளிவான பாகங்கள்?

இவற்றைத் தனியாகவே பேச வேண்டும். தெளிவான பாலிஸ்டைரீன் நிறமுள்ள பிளாஸ்டிக்கைவிட நொறுங்கும் இயல்புடையது. நிப்பரின் அழுத்தத்தில் விரிசல் கேட்டில் தொடங்கி பாகத்தின் நடுவரை ஓடிவிடும், அதை எந்தப் புட்டியும் மறைக்காது. 1/72 ஸ்பிட்ஃபயர் ஒன்றின் விமானி அறை மூடியை நான் இப்படித்தான் இழந்தேன். கேட்டை ஒட்டிக் கொடுத்த ஒரே வெட்டில் முன்கண்ணாடியின் குறுக்கே ஒரு வெள்ளிக் கோடு ஓடியது. அதற்குள் விமானத்தின் உடல் முழுவதும் வர்ணம் முடிந்து காத்திருந்தது. அதற்குப் பிறகு தெளிவான பாகத்தில் நிப்பரை ரன்னருக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன்.

முறை இது. முதலில் பாகத்தைச் சுற்றியுள்ள ரன்னரைத் தொலைவிலேயே வெட்டி, பாகத்தைக் கையளவு துண்டோடு தனியாக்க வேண்டும். பாகத்தின் இரு புறமும் மறைப்பு நாடா ஒட்டினால் கீறல் விழாது. பிறகு சவர பிளேடு போல மெல்லிய நுண்ரம்பத்தால், அழுத்தம் கொடுக்காமல், ரம்பத்தின் எடையாலேயே கேட்டை அறுக்க வேண்டும். எஞ்சிய முளையை 1000 எண் தாளில் தொடங்கி 2000 வரை ஈரமாகத் தேய்த்து, மெருகுக் களிம்பால் முடித்தால் தெளிவு திரும்பிவிடும். சூப்பர் குளூ வகைப் பசையை அருகிலேயே கொண்டுவராதீர்கள். அதன் ஆவி படிந்து கண்ணாடி மங்கும்.

அண்டர்கேட் என்றால் என்ன?

கேட்டைப் பாகத்தின் வெளிப்பக்கத்தில் வைக்காமல், இன்னொரு பாகத்தோடு பொருந்தும் உட்பக்க விளிம்பில் வைப்பது. வெட்டுத் தடம் உள்ளே மறைந்துவிடும் என்பதால், உலோக முலாம் பூசிய பாகங்களில் இதைப் பெரிதும் காணலாம். முலாம் ஒருமுறை சீவப்பட்டால் அடியில் உள்ள பிளாஸ்டிக் பல்லிளிக்கும். இங்கே கவனிக்க வேண்டியது, பொருந்தும் முகத்தில் நாக்கு போல எஞ்சும் துண்டு. அதைத் தட்டையாக, மிச்சமில்லாமல் சீவாவிட்டால் இரண்டு பாகங்களுக்கும் நடுவில் இடைவெளி விழும். வெளி விளிம்பைக் கத்தி தொடாதபடி உள்ளிருந்து சீவுங்கள்.

பீரங்கி வண்டியின் சக்கரங்களில் கேட் வைத்த இடம் தட்டையாகிவிடுகிறதே?

1/35 அளவு வண்டிக்குச் சக்கரங்கள் டஜன் கணக்கில் இருக்கும், எல்லாவற்றிலும் கேட் தரையைத் தொடும் விளிம்பில்தான் இருக்கும். முளையைச் சற்று மேடாகவே விட்டு, சக்கரத்தைப் பற்குச்சியில் செருகி, தாளை அசையாமல் பிடித்துச் சக்கரத்தை உருட்டித் தேய்த்தால் வட்டம் கெடாது. இருந்தும் ஒரு சக்கரத்தில் சிறு தட்டை விழுந்துவிட்டால், அந்த இடத்தைத் தரைப்பக்கம் திருப்பிச் சங்கிலிப் பட்டையின் மேல் உட்காரவைத்துவிடலாம். அதற்காகப் புதுச் சக்கரம் தேட வேண்டியதில்லை.

பாலிகேப், ரெசின், பித்தளைத் தகடு ஆகியவற்றுக்கும் இதே முறைதானா?

இல்லை. மூட்டுகளுக்குள் வைக்கும் பாலிகேப் மென்மையான வேறு வகைப் பிளாஸ்டிக். தேய்த்தால் நார் நாராகப் பிசிறும். கூரிய கத்தியால் ஒரே வெட்டில் ஒட்ட நறுக்குவதே அதற்குச் சரி.

ரெசின் பாகங்கள் தடித்த வார்ப்புக் கட்டையோடு வரும். நுண்ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால், முகக்கவசம் அணிந்து, ஈரத்தோடு அறுத்து, மேசையை ஈரத் துணியால் துடையுங்கள்.

நுண்ணிய பித்தளைத் தகட்டுப் பாகங்களைப் பிளாஸ்டிக் நிப்பரால் வெட்டினால் நிப்பர் அன்றோடு முடிந்தது. வெட்டுப்பாயும் அதற்கு ஆகாது. பாய் அமுங்கிக் கொடுப்பதால் தகடு வளைந்துவிடும். கண்ணாடித் துண்டு அல்லது தரை ஓட்டின் மேல் வைத்து, வளைந்த விளிம்புள்ள பிளேடால், பாகத்தை விரலால் அமர்த்திப் பிடித்து அழுத்தி நறுக்க வேண்டும்.

எல்லாப் பாகங்களையும் முதலிலேயே வெட்டி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். பாகத்தின் எண் ரன்னரில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது, பாகத்தில் இல்லை. பிரித்துவிட்டால் இடது கை எது, வலது கை எது என்று தேட நேரிடும். குறிப்புத் தாளின் ஒரு கட்டத்துக்குத் தேவையானதை மட்டும் வெட்டி, முளைகளைச் சுத்தம் செய்து, பொருத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தூரிகையால் வர்ணம் பூசுபவர்கள் சிறு பாகங்களை ரன்னரிலேயே வைத்துப் பூசிவிட்டுப் பிறகு வெட்டலாம். கேட் இருந்த இடத்தில் மட்டும் ஒரு தொடுதல் தேவைப்படும்.

நிப்பரை எப்படிப் பராமரிப்பது?

ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் வாயில் ஒட்டிய பிளாஸ்டிக் துகளை மென்மையான பிரஷால் தட்டிவிட்டு, தையல் இயந்திர எண்ணெயில் ஒரு சொட்டு தொட்டுத் துடைத்து, மூடியிட்டு வையுங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் எண்ணெயில்லாத எஃகு சில வாரங்களிலேயே துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் தவிர வேறெதையும், ஒரு மெல்லிய செப்புக் கம்பியைக்கூட, அதில் வெட்டாதீர்கள். வெட்டும் கணத்தில் கையைத் திருப்பாதீர்கள்.

பாதுகாப்புக்கு எவை கட்டாயம்?

கண்ணாடி. நிப்பர் நறுக்கும் முளை கண்ணை நோக்கிப் பறப்பது அரிதல்ல. மூக்குக்கண்ணாடி அணியாதவர்கள் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். பழைய பிளேடுகளை வெறுமனே குப்பையில் போடாதீர்கள். மூடியுள்ள ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து, நிரம்பியதும் நாடாவால் சுற்றி, மேலே எழுதிக் கொடுங்கள். குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரல்கள் அதில் படும்.

மீந்துபோன ரன்னர்களை என்ன செய்வது?

கிட் முடியும்வரை எறியாமல் வைத்திருங்கள். பள்ளம் நிரப்பும் கூழுக்கு அதே நிறப் பிளாஸ்டிக் வேறெங்கும் கிடைக்காது. விமானத்தின் ஆண்டெனா கம்பியும் கப்பலின் கயிறுகளும் ரன்னரிலிருந்தே வரும்: காற்றோட்டமுள்ள இடத்தில், மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே, சுடரில் படாமல் ரன்னர் துண்டைச் சுழற்றி, நடுவில் இளகிப் பளபளக்கத் தொடங்கியதும் சுடரிலிருந்து விலக்கி, இரு கைகளாலும் சீராக இழுத்தால் தலைமுடி போன்ற இழை நீளும். மெதுவாக இழுத்தால் தடித்த இழை, விரைந்து இழுத்தால் மெல்லிய இழை. ஜப்பானில் பண்டாய் நாம்கோ குழுமம் 2021 முதல் வெற்று ரன்னர்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்துவருகிறது. நம் ஊரில் அத்தகைய வசதி இல்லாததால், பாலிஸ்டைரீனை மற்றப் பிளாஸ்டிக்கோடு கலக்காமல் தனியாகக் கட்டி, பழைய பொருள் வாங்கும் கடையில் கேட்டுப் பாருங்கள்.